பாலைக் குற்றம் சொல்லாதீர்கள்

குறைமாதக் குழந்தைக்குக் குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், பெற்றவள் எங்களிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "நான் கொடுத்த பாலாலயா சிஸ்டர் இப்படி ஆச்சு?" டாக்டரிடம் இதைக் கேட்கமாட்டார்கள். அவர் போன பிறகு, கை கழுவும் இடத்தில், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்பார்கள். பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருஷங்களாக நர்ஸாக இருக்கிறேன். இதற்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல வார்டில் நேரமே கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இல்லை என்பதுதான் பதில். ஏன் இல்லை என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும். நாம் 'குடல் ஓட்டை' என்று ஒரே பெயரில் சொல்வது இரண்டு வெவ்வேறு நோய்களை. ஒன்று, பாலே தொடங்காத குழந்தைக்கும் வரும். இன்னொன்றில் தாய்ப்பால்தான் நம் கையில் இருக்கும் பெரிய பாதுகாப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் அடிபடுகிறவர்கள் அம்மாக்கள். அந்தப் பயத்தில் பால் எடுப்பதை நிறுத்திவிட்டால் குழந்தையும் சேர்ந்துதான் அடிபடுகிறது.

1500 கிராமுக்குக் கீழே பிறப்பவர்களை மிகக் குறைந்த எடைக் குழந்தைகள் என்று கணக்கு வைக்கிறோம். 1000 கிராமுக்கும் கீழே பிறப்பவர்கள் தனிப் பிரிவு. 26, 27 வாரத்திலேயே வெளியே வந்துவிட்ட குழந்தையின் வயிற்றுத் தோல் மிகவும் மெல்லியது. உள்ளே குடல் வளைந்து கிடப்பது வெளியிலிருந்தே தடம் தடமாகத் தெரியும். நுரையீரலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வென்டிலேட்டர், ஆக்ஸிஜன் என்று வீட்டாரும் கேட்டுத் தெரிந்து வைத்திருப்பார்கள். குடலும் அதே அளவுக்கு வளர்ச்சி போதாமல் வந்திருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில்தான் சிறுகுடல் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக நீள்கிறது. 1983-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 27 வாரத்துக்கு முன்னால் சராசரி 115 சென்டிமீட்டர், 35 வாரத்துக்குப் பிறகு ஏறக்குறைய 250 சென்டிமீட்டர். நீளம் மட்டும் பிரச்சினை இல்லை. குடல் சீராகச் சுருங்கி விரிந்து பாலைக் கீழே தள்ளும் பழக்கமும், உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் இடிக்காமல் சேர்த்துச் செய்யும் திறமையும் 34 வாரத்தை ஒட்டித்தான் கைகூடுகின்றன. உள்சுவரில் கிருமியைத் தடுக்கும் சளிப்படலமும் முழுதாக உருவாகியிருக்காது. இப்படிப்பட்ட குடல் இன்னும் மூன்று மாதம் பனிக்குட நீரை மட்டும் விழுங்கிக்கொண்டு வளர்ந்திருக்க வேண்டியது. அதற்குள் காற்றையும் மருந்தையும் கிருமியையும் பாலையும் சந்திக்க வேண்டி வந்துவிடுகிறது.

முதல் வகை ஓட்டைக்கு வருகிறேன். இது தானாகவே விழுவது. பிறந்த முதல் பத்து நாட்களுக்குள், பெரும்பாலும் ஒரு வாரத்தை ஒட்டி வரும். எடை குறையக் குறைய ஆபத்து கூடும். பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதியில், பெருங்குடலோடு சேர்வதற்குச் சற்று முன்னால், ரத்தக்குழாய்கள் வந்து சேரும் விளிம்புக்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரே ஓர் ஓட்டை. சுற்றியுள்ள குடல் நன்றாகவே இருக்கும். வெட்டி எடுத்த துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால், அந்த இடத்தில் தசை அடுக்கு மெலிந்தோ இல்லாமலோ இருப்பதைப் பல முறை கண்டிருக்கிறார்கள். குழந்தைகள் அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவர் எங்களுக்கு விளக்கியபோது, நனைந்த டிஷ்யூ பேப்பரில் தையல் போடுவதைப் போன்றது இந்த வேலை என்றார். தைப்பவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும்.

இது வந்தால் முதலில் கண்ணில் படுவது வயிற்றின் நிறம். காலையில் சாதாரணமாக இருந்த வயிறு டயப்பர் மாற்றும்போது லேசாகக் கருநீலம் பூத்திருக்கும், மெல்ல உப்பும். ஆனால் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, நிறம் எல்லாம் பல நேரம் சரியாகவே இருக்கும். மோசமான நிலையில் இருக்கும் குழந்தையைப் போலவே தெரியாது என்பதுதான் இதில் ஏமாற்றுவது. எக்ஸ்ரே எடுத்தால் வயிற்றுக்குள், குடலுக்கு வெளியே, காற்று நிற்கும். மல்லாந்து படுத்திருக்கும் குழந்தைக்கு அந்தக் காற்று முன்பக்கம் மிதந்துவிடுவதால் நேர்ப் படத்தில் பளிச்சென்று தெரியாமல் போகலாம். அதனால் குழந்தையை இடப்பக்கமாகச் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து கதிர் விழும்படி இன்னொரு படம் எடுப்போம். காற்று வலப்பக்கம் மேலே போய், கல்லீரலுக்கும் வயிற்றுச் சுவருக்கும் நடுவே கறுப்புக் கோடாக நிற்கும். எண்ணூறு கிராம் குழந்தையை ட்யூப் எதுவும் கழன்றுவிடாமல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு அந்தப் படத்தை எடுப்பது, எங்கள் வேலையில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் காரியங்களில் ஒன்று.

காரணம் என்ன? குடலின் வளர்ச்சி போதாமை அடிப்படை. அதோடு சில மருந்துகள் சேர்ந்தால் ஆபத்து ஏறுகிறது என்பதை மருத்துவ உலகம் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது. நுரையீரலைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்த முதல் நாளிலிருந்தே டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய அமெரிக்கப் பரிசோதனையின் முடிவு 2001-ல் வந்தது. 501 முதல் 1000 கிராம் வரை எடையுள்ள 220 குழந்தைகள். முதல் 14 நாளில் குடல் ஓட்டை, மருந்து பெற்றவர்களில் 13 சதவீதம், பெறாதவர்களில் 4 சதவீதம். பரிசோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஹைட்ரோகார்டிசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டை வைத்து நடந்த இன்னொரு பரிசோதனையும் 2004-ல் அதே காரணத்தால் பாதியில் நின்றது. இதயத்தை ஒட்டிய ஒரு ரத்தக்குழாய் மூடாமல் இருந்தால் அதை மூடவைக்க இன்டோமெதசின் என்ற மருந்து கொடுப்பதுண்டு. அதையும் ஸ்டீராய்டையும் முதல் வாரத்தில் ஒன்றாகப் பெற்ற குழந்தைகளுக்கே ஓட்டை அதிகம் விழுந்தது. அதற்குப் பிறகு டாக்டர்கள் இந்த இரண்டையும் சேர்த்து எழுதும் முன் பல முறை யோசிக்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பிரசவத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி வேறு விஷயம். 1972-ல் நியூஸிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் அதன் பலனை நிரூபித்தார்கள். அது குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்துவதோடு, அடுத்துச் சொல்லப்போகும் குடல் அழுகும் நோயையும் குறைக்கிறது. யாராவது அந்த ஊசி வேண்டாம் என்று தயங்கினால், தயவுசெய்து போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதல் வகை ஓட்டைக்கு மேலே சொன்ன காரணங்களில் எங்கேயாவது பால் வந்ததா?

இரண்டாவது வகைதான் குடல் அழுகும் நோய். வார்டில் நாங்கள் 'நெக்' என்போம். இது மெதுவாக வருவது. குழந்தை கொஞ்சம் தேறி, பால் ஏறி, வென்டிலேட்டரிலிருந்து வெளியே வந்து, வீட்டாருக்கு முதல் முறையாக நம்பிக்கை வந்திருக்கும் இரண்டாவது, மூன்றாவது வாரத்திலோ அதற்குப் பிறகோ வரும். எவ்வளவு சீக்கிரம் பிறந்ததோ அவ்வளவு தாமதமாக வரும் என்பது இதன் விசித்திரம். பால் செரிக்காமல் நிற்கும், வாந்தி பச்சையாக வரும், மலத்தில் ரத்தம் தெரியும், குழந்தை மூச்சை மறந்து மறந்து நிறுத்தும். எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள்ளேயே சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் வரிசையாகத் தெரிந்தால் நோய் உறுதி. உள்பக்கம் வெந்து, அழுகி, கடைசியில் ஓட்டை விழலாம். முதல் வகையைப் போல ஓர் இடத்தோடு நிற்காமல், நீளமாக ஒரு பகுதியே கறுத்துப்போவது உண்டு. 500 முதல் 1500 கிராம் வரையுள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 7 சதவீதத்துக்கு இது வருகிறது. வந்தவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேரை இழக்கிறோம். அறுவை சிகிச்சை வரை போனவர்களில் இழப்பு இன்னும் அதிகம்.

பால் குடிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த நோய் பெரும்பாலும் வருகிறது. அதனால்தான் பழி பாலின் மேல் விழுந்தது. ஒரு காலத்தில் டாக்டர்களே பயந்துபோய் வாரக்கணக்கில் பால் தொடங்காமல் வைத்திருந்தார்கள். குடல் வேலை இல்லாமல் கிடந்தால் அதன் உள்சுவர் மெலிந்து இன்னும் பலவீனமாகிவிடும். ரத்தக்குழாய் வழியாகவே ஊட்டம் ஏற்றிக்கொண்டிருந்தால் கிருமித்தொற்றும் கல்லீரல் கோளாறும் வரும். அப்புறம் ஒவ்வொரு கேள்வியாக எடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 1990-ல் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை வைத்து வந்த கட்டுரை, தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடப் பால் பவுடர் மட்டும் குடித்தவர்களுக்கு இந்த நோய் 6 முதல் 10 மடங்கு அதிகம் வந்தது என்று காட்டியது. அம்மாவின் பால் போதாதபோது தானமாகப் பெற்ற தாய்ப்பால், பால் பவுடர் இரண்டையும் ஒப்பிட்ட கனடிய ஆய்வு 2016-ல் வந்தது. அதில் நோய் 1.7 சதவீதத்துக்கும் 6.6 சதவீதத்துக்குமாகப் பிரிந்து நின்றது. பாலை மெதுவாகக் கூட்டினால் நோயைத் தடுக்கலாமோ என்று பிரிட்டனில் 2800-க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். தினமும் கிலோவுக்கு 18 மில்லி கூட்டினாலும் 30 மில்லி கூட்டினாலும் வித்தியாசமே இல்லை.

ஒவ்வொரு வேளையும் டியூப் வழியாக வயிற்றில் மிச்சம் இருக்கும் பாலை இழுத்துப் பார்த்து, அதிகம் இருந்தால் அடுத்த வேளையை நிறுத்துவது எங்கள் பழைய வழக்கம். அப்படி வழக்கமாக இழுத்துப் பார்க்காமல் விட்ட குழந்தைகளுக்குப் பாலின் அளவு சீக்கிரம் கூடி, அவர்கள் சீக்கிரம் வீடு போனார்கள் என்று அதே 2019-ல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பச்சையாக வருவது, வயிறு உப்புவது போன்ற அறிகுறிகள் இருந்தால் பார்க்கத்தான் வேண்டும். வெறும் பயத்தால் குழந்தையைப் பட்டினி போட வேண்டாம்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒரு குழந்தையின் அம்மாவை நினைத்துத்தான். ரத்த அழுத்தம் ஏறி 26 வாரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்த பெண் குழந்தை. எண்ணூறு கிராம்கூட இல்லை. அம்மா முதல் நாளிலிருந்தே சீம்பாலைச் சொட்டுச் சொட்டாகப் பிழிந்து சிரிஞ்சில் கொண்டுவந்து கொடுப்பாள். நாங்கள் அதை வாயின் உள்கன்னத்தில் தடவி, மிச்சத்தை டியூபில் கொடுப்போம். ஒரு வேளைக்கு ஒரு மில்லி. ஆறாவது நாள் வயிறு கறுத்தது. படத்தில் காற்று. கேஸ் ஷீட்டில் அவசரத்தில் 'நெக்' என்றே எழுதப்பட்டது. வெளியில் காத்திருந்த மாமியாருக்கு யாரோ அதைப் பால் செரிக்காமல் வரும் நோய் என்று விளக்கிவிட்டார்கள். அவ்வளவுதான். "இது மாந்தம்தான். பச்சை உடம்புக்காரி, ஆஸ்பத்திரி சோறு ஒத்துக்கலைன்னு கண்டதையும் தின்னா. அந்தப் பால் பிள்ளைக்கு எப்படிச் சேரும்?" வீட்டிலிருந்து உரமருந்து இழைத்துக் கொண்டுவரட்டுமா என்று என்னிடம் கேட்டார். பேத்தி மேல் அவருக்கு இருந்த பாசத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் காலத்தில் வயிறு உப்பிய பிள்ளைக்கு அதைத்தான் செய்தார்கள். ஆனால் மருமகள் அன்றைக்கே பால் பிழிவதை நிறுத்திவிட்டாள். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்து, போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் பக்கத்திலேயே, சர்ஜன் மரத்துப்போகும் ஊசி போட்டு, வலப்பக்க அடிவயிற்றில் சின்னதாகக் கீறி மெல்லிய ரப்பர் டிரெயின் வைத்தார். காற்றும் அழுக்கு நீரும் அதன் வழியாக வெளியே வந்தன. கனடாவின் டொரண்டோவில் 1977-ல், ஆபரேஷனைத் தாங்க முடியாத குழந்தைகளுக்குத் தற்காலிக ஏற்பாடாக அறிமுகமான முறை இது. சில குழந்தைகளுக்கு அதுவே முழு சிகிச்சையாகவும் போதுமானதாக இருப்பதை வைத்தவர்களே கண்டார்கள். வயிற்றைத் திறந்து செய்வதா, டிரெயின் வைப்பதா என்ற விவாதம் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. 2006-ல் 117 குழந்தைகளை வைத்து வந்த அமெரிக்க முடிவில் 90 நாள் இறப்பு இரண்டிலும் 35 சதவீதத்தை ஒட்டி ஏறக்குறைய சமம். 2021-ல் 310 குழந்தைகளை வைத்து வந்த அடுத்த பெரிய ஆய்வுதான் இரண்டு நோயையும் பிரித்துப் பார்த்தது. குடல் அழுகல் என்று சந்தேகித்த குழந்தைகளில், இறப்பையும் பிற்கால வளர்ச்சிக் குறைபாட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், திறந்து செய்தவர்களில் 69 சதவீதம், டிரெயின் மட்டும் வைத்துத் தொடங்கியவர்களில் 85 சதவீதம். தானாக விழுந்த ஓட்டை என்று நினைத்தவர்களில் திறந்து செய்ததால் அப்படி எந்த லாபமும் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே ஒரே கணக்கில் கிடந்தவரை இது தெரியவே தெரியாது. ஓட்டை எந்த வகை என்று கேட்பது அம்மாவின் மனசுக்கு மட்டும் அல்ல, குழந்தையின் சிகிச்சைக்கும் தேவை என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

அந்தக் குழந்தைக்கு டிரெயினே போதுமானதாக இருந்தது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. பல குழந்தைகளுக்குப் பிறகு வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கும், சிலரை எதுவும் செய்தும் காப்பாற்ற முடிவதில்லை. இவளுக்குப் பால் மறுபடி தொடங்கலாம் என்று டாக்டர் சொன்ன நாளில் அம்மாவிடம் பால் மிகவும் குறைந்திருந்தது. தாய்ப்பால் வங்கியிலிருந்து வாங்கித்தான் தொடங்கினோம். 1989-ல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கிய வங்கிதான் இந்தியாவில் முதல். அங்கே வரும் பாலை 62.5 டிகிரியில் 30 நிமிஷம் வைத்துச் சுத்தப்படுத்துவார்கள். தமிழ்நாட்டிலும் அரசு மருத்துவமனைகளில் இப்போது இந்த வசதி இருக்கிறது. முகம் தெரியாத ஒரு பெண்ணின் பால் தன் பிள்ளைக்கு இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அந்த அம்மா என்னிடம் அதே கேள்வியைக் கேட்டாள். ட்யூட்டி முடிந்த நேரம். அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மேலே எழுதியது எல்லாவற்றையும் சொன்னேன். மாமியாரையும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். "அப்போ நாந்தான் பிள்ளையைப் பட்டினி போட்டேனா?" என்று அவர் அழ ஆரம்பித்துவிட்டார். "உங்க மேலயும் தப்பில்லைம்மா, யாருமே உங்களுக்கு விளக்கிச் சொல்லல" என்றேன். நெஞ்சோடு நெஞ்சாகக் குழந்தையை வைத்துக் கங்காரு முறையில் அணைத்திருக்கத் தொடங்கியதும், இரண்டு மணி மூன்று மணிக்கு ஒரு தடவை பிழியப் பிழிய, பால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது.

ஆகவே, குழந்தையின் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்திருக்கும் நாட்களில் அம்மாக்களிடம் நான் கேட்பது இது. பாலைப் பிழிந்துகொண்டே இருங்கள். ராத்திரி ஒரு தடவை உட்பட, ஒரு நாளைக்கு எட்டு முறை. அதை வார்டில் ஃப்ரீசரில் வைக்கத் தேதி எழுதிக் கொடுங்கள். இப்போது ஒரு சொட்டும் உள்ளே போகாவிட்டாலும் மறுபடி தொடங்கும் நாளில் அதுதான் முதலில் வேண்டியிருக்கும். வார்டுகளை நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அம்மாக்களுக்குப் பால் பிழிய மறைவாக ஓர் இடம், ஒரு பம்ப், உட்கார முதுகு சாயும் நாற்காலி கொடுங்கள். ஆபரேஷன் செய்த உடம்போடு வராந்தா பெஞ்சில் முந்தானையைப் போர்த்திக்கொண்டு பிழிகிற பெண்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

குடலின் ஒரு பகுதியை வெட்டி, மலம் வெளியேற மிச்சக் குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே வாய்போல வைத்து அனுப்பும் குழந்தைகளின் வீட்டாருக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. அந்த வாய் வழியாக உப்பும் நீரும் நிறையப் போகும். பால் நன்றாகக் குடித்தும் எடை ஏறாவிட்டால் சோடியம் குறைந்திருக்கலாம், ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். குழந்தை ஓரளவு எடை ஏறியதும் அதை மூடிவிடுவார்கள். குடல் அழுகல் வந்து ஆபரேஷன் இல்லாமலே தேறிய குழந்தைக்கும், சில வாரம் கழித்துத் தழும்பு இறுகிக் குடல் ஓரிடத்தில் சுருங்கிப்போகலாம். வீட்டுக்கு வந்த பிறகு வாந்தி பச்சையாக வந்தாலோ, வயிறு உப்பி மலம் போகாமல் இருந்தாலோ, உரமருந்து, வசம்பு என்று எதையும் கொடுத்துப் பார்க்காமல், விடியும் வரை காத்திருக்காமல், ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு எடுத்துப் போங்கள். அதை வாங்கும்போதே, இரண்டில் எந்த வகை ஓட்டை, எத்தனை சென்டிமீட்டர் குடல் எடுத்தார்கள், எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கேட்டு அதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சில சமயம், டிரெயின் மட்டும் வைத்திருந்தால், எந்த வகை என்று டாக்டருக்கே உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படியானால் அப்படித்தான் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.